ஒன்பது வயது வீட்டுக்காரி

1

போன வாரம் மகள் நஸீமாவின் வகுப்பாசிரியை ஒரு மடித்த தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார். "உங்கள் மகள் கெட்டிக்காரி. ஆனால் இல்லாததை இருப்பதாக எழுதும் பழக்கம் வருகிறது. கொஞ்சம் கவனியுங்கள்" என்று எழுதியிருந்தது. கூடவே அவள் நிரப்பிய படிவம். சொந்த நாட்டு முகவரி என்ற இடத்தில் கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றின் பெயர். வீட்டுச் சொந்தக்காரர் என்ற கட்டத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் தகப்பன் பெயரை எழுதியிருக்க, என் மகள் தன் பெயரை எழுதியிருந்தாள். அதுவும் கொட்டை எழுத்தில்.

மறுநாள் இடைவேளையில் போய் ஆசிரியையைக் கண்டேன். "அவள் எழுதியது மெய். அந்த வீடு இரண்டு வருடமாக அவளுடையதுதான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதினொரு வயதுப் பிள்ளை, தலையில் ரிப்பன், கையில் மை. "அப்படியானால் ஊருக்குப் போனால் நீங்கள் எங்கே தங்குவீர்கள், மாலம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். எனக்கோ அது பகிடியாகப் படவில்லை. மணியடித்தது நல்லதாகப் போயிற்று.

மாலம் என்றால் இங்கே வாத்தியார். நைஜீரியாவின் வடக்கே, பாலைவனத்துப் புழுதி காற்றோடு வந்து விழுகிற ஒரு சிறு பட்டணத்தில் கணக்குப் படிப்பிக்க வந்து ஆறு வருடமாகிறது. என் பெயர் ஹனீபா. ஆனால் இங்கே நான் மாலம் ஆதமு. ஆதம்பாவா என்ற வாப்பாவின் பெயர் எனக்கு முன்னால் நிற்பதைக் கண்டு, அதுதான் ஆளின் பெயரென்று முதல் நாளே பதிந்துவிட்டார்கள். மௌத்தாகி, மண்ணுக்குள் போய்ப் பத்து வருடமான என் வாப்பாவை ஆபிரிக்காவில் தினமும் முந்நூறு பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். அவருக்கும் ஒரு வெளிநாட்டுப் பயணம் கிடைத்ததாக இருக்கட்டும்.

2

வடக்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இதை வாசிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால், தொட்டில் கட்டிய கையோடு தகப்பன் கல்லும் மரமும் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவான். ஆம்பிளைப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. அவன் கலியாணம் முடித்து, உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்வான். அதற்குப் பிறகு பிறந்த வீட்டில் அவன் விருந்தாளி. தேத்தண்ணியும் பலகாரமும் மரியாதையாகக் கிடைக்கும். கட்டில் கிடைக்காது.

நான் பிறந்த வீடு ராத்தாவுக்குச் சீதனமாகப் போனது. ராத்தா என்றால் என் அக்கா, ஒரேயொரு உடன்பிறப்பு. வீட்டுப் பத்திரத்தை, எங்கள் பேச்சில் உறுதியை, எழுதிய நாளில் எனக்குப் பதினாறு வயது. நான் படுத்த அறை அன்றைக்கே மாப்பிள்ளையின் அறையாயிற்று. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இருக்கவில்லை. ஊர் வழக்கம் அது. மழை பெய்தால் நனைவதைப் போல.

நான் கலியாணம் முடித்த இடத்தில் மாமனார் என் மனைவி ஜெமீலாவுக்கு மாவடிப்பள்ளியில் ஒரு துண்டு வயலைக் கொடுத்தார். வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். சுவர் எழும்புவதற்கு முன் மௌத்தாகிப் போனார். அந்த அத்திவாரத்துக்குள் இன்றைக்கும் ஆடு மேய்கிறது. ஆகவே என் மகள் நஸீமா வீடில்லாத பெண். இந்தச் சொல் எங்கள் ஊரில் எவ்வளவு பாரமானதென்று எங்கள் ஊராருக்குத்தான் தெரியும்.

ராத்தாவுக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுபத்தெட்டுச் சூறாவளி கூரை ஓடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனபோது, நனைந்த பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்ற மனுசி அவர். மீண்டும் ஓடு போட்டு, வெள்ளையடித்து, தனியாகவே இருந்தார். இங்கே புழுதிக்குள் உட்கார்ந்துகொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பிலேயே ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன்னால். "இவ்வளவு பெரிய வீட்டில் தனியாக ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? விற்றுவிடுங்கள். எங்களோடு வந்து இருங்கள்."

அன்பினால் எழுதியதுதான். ஆனால் அன்பினால் எழுதினாலும் மடத்தனம் மடத்தனம்தான்.

3

ராத்தாவுக்குத் தமிழ் எழுத்து வராது. குர்ஆன் ஓதுவார், அரபு எழுத்தில் கணக்கு வைப்பார், அவ்வளவுதான். எனக்கு வரும் கடிதங்களை ஜெமீலாவின் தம்பி றசீத் மச்சான் எழுதுவார். மச்சானுக்குத் தபால் கந்தோரில் உத்தியோகம். ஆகவே அவருடைய குடும்பக் கடிதங்களும் அரசாங்கக் கடிதம் மாதிரியே இருக்கும். இலக்கம் போடுவார், 'மேற்படி விடயம்' என்பார். தன் மகனுக்குச் சுன்னத்து வைத்த செய்தியைக்கூட 'அறியத்தருகிறேன்' என்றுதான் முடித்திருந்தார்.

அந்த முறை வந்த கடிதத்தில், "உங்கள் ராத்தா சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன், என்னைக் குறை நினைக்க வேண்டாம்" என்று ஆரம்பித்தார்.

"தம்பி, என்ட ஊட்ட விக்கச் சொல்லி எழுதியிரிக்காய். நல்லம். நான் மௌத்தாப் போனா இந்த ஊடு ஒனக்குத்தான் வரும், வேற ஆரும் இல்ல. ஒனக்கு வந்தா ஊடு போயிரும். ஆம்பிளைக்கு ஊட்டுட அரும எங்க தெரியும்? அதுக்கு முன்னுக்கு நான் அத உரிய ஆளுக்குக் குடுத்திர்றன். ஒன்ட மகள்ற பேருக்கு உறுதி எழுதப் போறன். நீ ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி."

வாசித்துவிட்டு நான் வெட்கப்பட்டேன், கோபப்பட்டேன், பிறகு சிரித்தேன். மூன்றும் அந்த வரிசையிலேயே வந்தன. ஜெமீலாவோ கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

உறுதி எழுதிப் பதிகிற நொத்தாரிசு ஐயா ஒரு சிக்கலைச் சொன்னார். பராயமடையாத பிள்ளைக்கு நன்கொடை எழுதினால், பிள்ளைக்காக அதை ஏற்றுக்கொண்டு ஒருவர் கையொப்பமிட வேண்டும். பிள்ளை வளரும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பாதுகாவலரும் வேண்டும். முறைப்படி அது தகப்பன். தகப்பன் ஆபிரிக்காவில். ஆகவே தகப்பன், தன் இடத்தில் நின்று கையொப்பமிட றசீத் மச்சானுக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க நான் லாகோஸிலுள்ள எங்கள் நாட்டு உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். இங்கிருந்து லாகோஸ், பஸ்ஸில் ஒன்றரை நாள்.

போனேன். அங்கே அடையாளத்துக்குப் பள்ளிக்கூடத்தின் கடிதத்தைக் கொடுத்தேன். அதில் நான் மாலம் ஆதமு. கடவுச்சீட்டில் ஹனீபா. "இந்த ஆதமு யார்?" என்று கேட்டார்கள். "என் வாப்பா" என்றேன். "அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார் அந்த இளைஞர், மெய்யாகவே. குற்றம் அவருடையதல்ல. வந்த நாளிலிருந்து அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். திரும்பி வந்து, தலைமையாசிரியரிடம் வேறு கடிதம் வாங்கி, அடுத்த மாதம் மறுபடியும் ஒன்றரை நாள் பஸ்ஸில் போய்க் கையொப்பம் வைத்தேன்.

4

உறுதி முடிந்தது. வாசிப்பவர்கள் கதையும் முடிந்ததென்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கையொப்பமிட்ட அன்று நொத்தாரிசு ஐயா, "சரி உம்மா, உறுதியப் பாதுகாவலர்ர கையில குடுங்க. குடுத்தாச் சரி, ஊடு பிள்ளைக்குப் போயிரும். நீங்க வழக்கம் போல உங்கட ஊட்டுலயே இரிங்க" என்றாராம்.

"என்ட ஊடா? எது என்ட ஊடு?" என்று ராத்தா கேட்டிருக்கிறார்.

மருதமுனைப் பக்கம் ஒரு பெண் தங்கச்சி மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசிவரை அதே வீட்டில் அதே அடுப்பில் சமைத்துக்கொண்டு இருந்தாளாம். அவள் மௌத்தான பிறகு சொந்தக்காரர்கள் வந்து, 'கொடுத்தவள் வெளியே போகவேயில்லை, ஆகவே கொடுத்தது கொடுத்ததாகாது' என்று வழக்குப் போட்டார்களாம். அந்தக் கதை ராத்தாவின் மனதில் கிடந்திருக்கிறது. கொடை என்றால் கையைவிட்டுப் போக வேண்டும், கொடுத்தவர் இறங்கி வெளியே வர வேண்டும் என்று பள்ளிவாசல் லெப்பையும் ஒருமுறை பயானில், தன் பிரசங்கத்தில், சொல்லியிருக்கிறார்.

"இப்ப சட்டம் மாறிட்டு உம்மா. உறுதியக் கையளிச்சாப் போதும்" என்று நொத்தாரிசு சொல்லிப் பார்த்தார்.

"அது ஒங்கட சட்டம் ஐயா. நான் படைச்சவனுக்கும் பதில் சொல்லணும். என்ட மருமகள்ற ஊட்டுல நாளைக்கு ஒருத்தன் கை வைக்கப்படா."

அடுத்த நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ராத்தா தன் சாமான்களை வெளியே எடுக்கத் தொடங்கினார். இடியப்ப உரல், ட்ரங்குப் பெட்டி, குர்ஆன், சுளகு, பாய் தலையணை, மூன்று கோழி. ஒழுங்கையில் நின்று பார்த்த சனம், கடன்காரன் வந்துவிட்டானோ என்று நினைத்ததாம். கடைசியாக வாசலைக் கூட்டினார், கதவைப் பூட்டினார், சாவியை முந்தானையில் துடைத்து றசீத் மச்சானின் கையில் வைத்தார்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. சாவியை வாங்கிய வேகத்தில் கதவைத் திறந்தார். "சரி ராத்தா, நான் பாதுகாவலன். பிள்ளைக்காக நான் சொல்றன். உள்ளுக்கு வாங்க, இரிங்க."

"நீ காவக்காரன், தம்பி. காவக்காரன் கதவப் பூட்டலாம், தொறக்கலாம். வாங்க எண்டு சொல்றது ஊட்டுக்காரி."

"ஊட்டுக்காரிக்கு ஒம்பது வயசு, ராத்தா. அவ ஆபிரிக்காவுல இரிக்கா."

"இரிக்கட்டும். நாக்கு இரிக்கிதானே?"

சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு வளவின் அடுப்படிச் சாய்ப்புக்குள் கோழிகளோடு போய்விட்டார்.

5

இதெல்லாம் மச்சானின் கடிதத்தில் எனக்கு மூன்று வாரம் கழித்து வந்தது. அப்போது அங்கே மாரி தொடங்கிவிட்டது. இங்கே ஒரு பொட்டு மழையில்லை. காற்றில் பறந்த செம்மண் உதட்டில் ஒட்டியது. அதைத் துடைத்துக்கொண்டே வாசித்தேன்.

"(4) மேற்படி உங்கள் ராத்தா ஒவ்வொரு நாளும் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டு வாசல் கடப்படிக்கு வருகிறார். வெளியே நின்று மூன்று தரம் ஸலாம் சொல்கிறார். பதில் இல்லாதபடியால் திரும்பிப் போகிறார். (5) நேற்று மழையிலும் வந்தார். (6) நான் குடை கொடுத்தேன், வாங்கவில்லை."

பதில் இல்லாதபடியால் என்று அவர் எழுதிய அந்த வரியில் கண் நின்றுவிட்டது. தான் பிரசவித்துக் கிடக்க நினைத்த வீடு. கடைசியில் தன்னைக் குளிப்பாட்டி எடுத்துச் செல்வார்கள் என்று எண்ணியிருந்த வீடு. அதன் கடப்படியில் ஒருத்தி ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறாள். நாளுக்கு மூன்று தரம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மச்சானுக்கு எழுதினேன்: "என்ன விளையாட்டு இது? சாவி உங்களிடம். கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விடுங்கள்."

மச்சான் பதில் எழுதினார்: "மேற்படி சொத்து பராயமடையாத பிள்ளையின் சொத்து. பாதுகாவலன் சொந்த இஷ்டத்துக்கு ஆள் ஏற்றினால் நாளைக்கு மறுமையில் யார் பதில் சொல்வது? உங்கள் ராத்தா சொல்வதில் நியாயம் இருப்பதாக இப்போது எனக்கும் படுகிறது. முருங்கை மரத்தில் காய் நிறையக் கிடக்கிறது. பறிக்கலாமா என்று பிள்ளையிடம் கேட்டு அறியத்தரவும்."

ஆக, ஒரு பைத்தியம் இரண்டாயிற்று.

"நஸீமாட்ட சொன்னீங்களா?" என்று ஜெமீலா கேட்டாள்.

"சின்னப் பிள்ளைட்ட என்னத்தச் சொல்ற?"

"அவட ஊடு எண்டு ஊரெல்லாம் தெரியும். அவக்கு மட்டும் தெரியா."

நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வயது மட்டுமல்ல. உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. இங்கே வரும்போது அவளுக்கு ஐந்து வயது. அதற்குள் ஆசிரியையோடு ஆங்கிலம், தெருவில் ஹவுசா, எங்களோடு மட்டும் தமிழ். அதுவும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்குத்தான். கனவில் உளறினால் ஹவுசாவில் உளறுவாள். கோபம் வந்தால் "ஹபா!" என்பாள். அது ஹவுசாக்காரர்கள் 'என்ன இது அநியாயம்' என்பதற்குச் சொல்வது. ஊர் என்பது அவளுக்கு ஜெமீலாவின் பெட்டிக்குள் இருக்கும் நாலைந்து புகைப்படம். கடலைக் காட்டி, "இது நம்மட கடல்" என்றால், "ம்" என்பாள். ஒரு மனுசி அங்கே மழையில் நின்று ஸலாம் சொல்கிறாள் என்று சொல்லி, இந்தப் பிள்ளை அதற்கும் "ம்" என்றுவிட்டால்? அந்த "ம்" ஐக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

6

கடைசியில் ஒரு சனிக்கிழமை சொன்னேன். வாசற்படியில் இருந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். மாமி உனக்கொரு வீடு தந்திருக்கிறா என்று தொடங்கி, உறுதி, பாதுகாவலர், சாவி எல்லாம் சொன்னேன். கரும்பு கடிப்பது நிற்கவில்லை. "ம்" என்றாள். நான் பயந்த அதே "ம்".

"மாமி இப்ப அந்த ஊட்டுல இல்ல" என்றேன்.

"ஏன்?"

"நீ வாங்க எண்டு சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் வாசலுக்கு வந்து ஸலாம் சொல்லிப்போட்டு, பதில் இல்லையெண்டு திரும்பிப் போறா."

கரும்பு கீழே விழுந்தது. எழுந்து நின்றாள்.

"ஹபா, வாப்பா! ஸலாம் சொன்னா பதில் சொல்லோணும்!"

நான் திகைத்துப்போனேன். அவள் நிறுத்தவில்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு, தமிழும் ஹவுசாவும் கலந்து என்னை ஏசினாள். அவளுடைய கூட்டாளி ஹவ்வாவின் வீட்டில் யாரும் நேரே உள்ளே போக முடியாது. வெளியே ஒரு வாசலறை. அதில் நின்று ஸலாம் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் பதில் சொல்லி, "ஷிகோ", அதாவது உள்ளே வா, என்று சொன்னால்தான் கால் வைக்கலாம். ஹவ்வாவின் வாப்பாவே தன் வீட்டுக்குள் ஸலாம் சொல்லித்தான் போவார். ஒருமுறை உள்ளே இருந்தவர்கள் ஹவ்வாவின் ஸலாத்தைக் கேட்காமல் விட்டதற்கு, அவளுடைய உம்மா ஓடி வந்து பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாராம்.

"எத்தின நாளா மாமி நிக்கிறா?"

"ரெண்டு மாசம் இரிக்கும்."

அழுதுவிட்டாள். அழுதுகொண்டே இரண்டு முஷ்டியாலும் என் தொடையில் குத்தினாள். "எனக்குச் சொல்லல்ல! என்ட ஊடு, எனக்குச் சொல்லல்ல!"

இந்த ஊர் என் பிள்ளையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போகிறதென்று வந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தவன் நான். எங்கள் ராத்தாவின் பிடிவாதம் எனக்குப் பைத்தியமாகத் தெரிந்தது, தபால் கந்தோர்க்காரருக்குச் சட்டமாகத் தெரிந்தது. அதன் அர்த்தம் அந்தக் கணமே விளங்கிய ஒரே ஆள் இந்தப் பிள்ளை. அதை அவளுக்குப் படிப்பித்தது நானல்ல. ஹவ்வாவின் உம்மா. அந்த அம்மாளின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போல் இருந்தது. எங்கள் ஊரில் அப்படிச் செய்யக்கூடாது, இங்கேயும் கூடாது. ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினேன்.

"நீ சொல்லு, நான் கடிதம் எழுதுறன்" என்றேன். அவளுக்குத் தமிழில் தன் பெயர் மட்டும்தான் எழுத வரும்.

"நீங்க எழுதினா நீங்க சொன்ன. நான் சொல்லோணும்."

அப்படித்தான் கசெட் வந்தது. இப்போதெல்லாம் வளைகுடாவில் இருப்பவர்கள் ஊருக்குக் கசெட்டில் பேசி அனுப்புகிறார்கள் அல்லவா, அதைப் போல. மேசையில் கசெட் றேடியோவை வைத்து, ஜன்னலைச் சாத்தி, அயல் வீட்டு ஆட்டைத் துரத்திவிட்டு, சிவப்புப் பொத்தானை அமத்தினேன். நஸீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தாள், மாமி தன்னைப் பார்க்கிறார் என்பது போல. முதலில் பழக்கத்தில் "ஷிகோ, மாமி" என்றுவிட்டாள். அதை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றேன். "வேணா. அது நல்ல சொல்" என்றாள். வீட்டுக்காரி சொன்னால் நான் யார் மறுக்க?

7

கசெட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்கு றசீத் மச்சான் எழுதிய பதிலில்தான் முதன்முறையாக இலக்கம் இல்லை. அந்தக் கடிதத்தை அப்படியே தர ஆசை, ஆனால் அதில் மூன்றிடத்தில் மை கரைந்திருக்கிறது. அவர் மழை என்கிறார். மழை என்றே வைத்துக்கொள்வோம்.

மச்சான் ராத்தாவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. அசருக்கு முன் வீட்டைத் திறந்து, மண்டபத்து நடுவில் முக்காலி போட்டு, தன் றேடியோவை அதில் வைத்தார். கதவைச் சும்மா சாத்திவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே தூறல். கடப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ராத்தா முதல் ஸலாம் சொன்னார். இருட்டில் மச்சானுக்குப் பொத்தான் பிடிபடவில்லை. இரண்டாவது ஸலாமும் சொன்னார். மூன்றாவதைச் சொல்லி முடித்து, திரும்பப் போகிற நேரம், உள்ளேயிருந்து பிள்ளைக் குரல் கேட்டது.

"வஅலைக்கும் ஸலாம். ஷிகோ, மாமி. உள்ளுக்கு வாங்க. மழ நனையாதீங்க. நான் நஸீமா கதைக்கன். எனக்குத் தெரியா, வாப்பா சொல்லல்ல, அதான் பதில் சொல்லல்ல, மன்னிச்சிக்கோங்க. இது என்ட ஊடு. நீங்க இரிங்க. எல்லா அறையும் உங்களுக்கு. மாமா, முருங்கக்கா பறிங்க, மாமிக்கும் குடுங்க. மாமி, நான் அங்க வந்தா எனக்குப் படுக்க இடம் தருவீங்களா?"

ராத்தா கடப்படியிலேயே நின்றாராம். பிறகு மெல்ல வந்து, படியில் காலைக் கழுவி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். றேடியோவுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். மச்சான் பக்கம் திரும்பவேயில்லை.

"தருவன் மகள்" என்று அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். "தராம? ஒன்ட ஊடுதானே கிளி."

பிறகு மச்சானிடம், "தம்பி, அத இன்னொருக்காப் போடு" என்றார். பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்லும் வரை போடச் சொன்னாராம்.

நான் இப்போது யோசிக்கிறேன். மருதமுனை வழக்கு, லெப்பையின் பயான் எல்லாம் மெய்தான். ஆனால் பிள்ளையில்லாத அந்த மனுசிக்கு, ஒரு பிள்ளை வீட்டுக்குள்ளிருந்து தன்னைக் கூப்பிடும் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்றும் இருந்திருக்கும். அதை வாய்விட்டுக் கேட்க எங்கள் பெண்களுக்கு வராது. வேறொரு காரணத்தைத் தலையில் கட்டிக்கொண்டு மழையில் நிற்பார்கள். இதை நான் எழுதினேன் என்று யாரும் ராத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

8

ஆபிரிக்கா வந்த பிறகு முதன்முறையாக, வருகிற நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறோம். விமானச்சீட்டு வந்துவிட்டது. ராத்தாவுக்கு எழுதினோம். நேற்று அவரிடமிருந்து கசெட் வந்தது. அவருக்கு இப்போது கடிதம் பிடிப்பதில்லை, மச்சானின் றேடியோவைப் பாதி சொந்தமாக்கிக்கொண்டுவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களை "ஷிகோ" என்று கூப்பிடுகிறாராம். ஒழுங்கையே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டதென்று மச்சான் அறியத்தந்திருந்தார்.

மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். நஸீமாவுக்குக் கிழக்கு அறையாம், காற்று வரும். ஜெமீலாவும் அவளோடு படுக்கலாம். புதுப் பாய் வாங்கியாயிற்று. மீன் இப்போது நல்ல மலிவு. எல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் செருமிக்கொண்டு ராத்தா தொடர்ந்தார்.

"மகள், இன்னொரு விசயம். ஒங்கட வாப்பாவும் வாறாராம். அவரு ஒருக்கா இந்த ஊட்ட விக்கச் சொல்லி எனக்குக் கடிதம் போட்டவரு. அவர உள்ளுக்கு எடுக்கிறதா இல்லையா எண்டு எனக்குச் சொல்லத் தெரியா. அத ஊட்டுக்காரிதான் சொல்லணும்."

பின்னால் றசீத் மச்சான் சிரிக்கும் சத்தமும் பதிவாகியிருந்தது. ஜெமீலாவும் சிரித்தாள். நஸீமா சிரிக்கவில்லை. கையை நீட்டி றேடியோவை நிறுத்தினாள்.

"விக்கச் சொன்னீங்களா, வாப்பா?"

"ஓம்" என்றேன்.

"மாமி இரிக்கக்குள்ளயா?"

"ஓம், மகள்."

"ஏன்?"

தனிமை, தூரம், சூறாவளி, அன்பு என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். நான் பிறந்த வீட்டை ஒரு தாளில் நாலு வரியில் விற்கச் சொன்னவன் நான்தான். பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அதை மாற்றிச் சொல்ல முடியவில்லை. பிழையாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஜெமீலா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"மாமியும் நானும் முதல்ல உள்ளுக்குப் போவம்" என்றாள் என் மகள். "நீங்க வெளிய நிண்டு ஸலாம் சொல்லுங்க. நாங்க உள்ள இருந்து பாப்பம்."

மூன்று தரம் சொல்லலாம். பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும், அதுதான் மார்க்கம். நான் பிறந்த வீடு. வாய்விட்டு உரக்கச் சொல்லப் போகிறேன், முதலாவதிலேயே கேட்கட்டும்.